ஆஸ்பத்திரியில் கிடைத்த அண்ணன்

நான்கு வருடங்களுக்கு முன், பம்பாயில் மழைக்காலம் ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம் அது. மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அப்போது வயது நாற்பத்தாறு. தங்கைகளின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டதில் என் கல்யாணம் நடக்காமலே போயிற்று. வருத்தத்துக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

வார நாட்கள் எப்படியோ கழிந்துவிடும். ஞாயிறுதான் சங்கடம். துணி துவைத்து, ஷூ துடைத்து, டைரியில் விட்டுப்போனதை எழுதி முடித்த பிறகும் காலை வெயில் ஜன்னலுக்கு வந்திருக்காது. அதனால், எங்கள் வட்டாரப் படிப்பகத்தின் பலகையில் ஓர் அறிவிப்பைப் பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு பெரிய மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவினர், தாராவியில் வீடு வீடாகப் போய்ப் பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் பற்றி விசாரித்து வாயையும் பரிசோதிக்கப் போகிறார்கள், பழக்கத்தை விட்டவர்களுக்கு வாய்ப்புண் ஆறுகிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள், ஞாயிறுகளில் தமிழில் பேசி எழுதித் தர ஆள் வேண்டும் என்று அதில் இருந்தது.

நானும் சிகரெட் பிடிப்பவன்தான். மெஸ்ஸில் ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று பிடிப்பேன். பிறகு ஏலக்காய் மென்றுகொண்டு கீழே இறங்குவேன். கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பகலில் என்ன செலவு, எந்த ரயில் என்று எல்லாவற்றையும் டைரியில் எழுதுகிறவன் இதை மட்டும் எழுதியதில்லை. ஆனால் ஒன்று உண்டு. நாள் முழுவதும் யாரும் என்னோடு பேசியிருக்க மாட்டார்கள்; அந்தத் தொட்டி ஓரத்தில் மட்டும் யாரோ பக்கத்தில் நிற்பது போல இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் என்னிடம் பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை. நான் கேள்வி கேட்கும் பக்கத்தில் அல்லவா இருந்தேன்!

எங்கள் குழுவுக்கு ஒரு மராட்டிய டாக்டரம்மா. தமிழ் தெரியாது, இந்தியில் சொல்வார், நான் தமிழில் கேட்பேன். முதல் ஞாயிறு திருநெல்வேலிக்காரர்கள் இருந்த ஒரு சந்துக்குப் போனோம். தகரப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் தம்பி மூவர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவருக்கு நாற்பத்திரண்டு வயது என்றார், எழுதிக்கொண்டேன். பீடி உண்டா என்றதும் தயங்காமல் சொன்னார்.

"நான் குடிப்பேன் சார்வாள். மறைப்பானேன்? ஆனா எந் தம்பிமாரு தொட மாட்டானுவ. கேட்டுப் பாருங்க."

கேட்டேன். இரண்டு தம்பிகளும் தரையைப் பார்த்தபடி, "இல்ல சார்" என்றார்கள். அடுத்த வீட்டிலும் இதே கதை. அன்று காலை முழுவதும், வீட்டுக்கு மூத்தவரைத் தவிர யாருக்கும் ஒரு பழக்கமும் இல்லை. இவ்வளவு ஒழுக்கமான தெரு பம்பாயில் உண்டா என்று டாக்டரம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பும்போது குழாயடிச் சுவருக்குப் பின்னால் அந்தத் தம்பிகள் இருவரும் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சின்னவன் பதறிப்போய், "அண்ணாச்சிட்ட சொல்லிராதீய சார்!" என்றான்.

மூத்தவர் முன்னால் புகைப்பதில்லை, புகைப்பதாக ஒப்புக்கொள்வதும் இல்லை என்பது நம் வீடுகளின் மரியாதை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இத்தனை தெரிந்திருந்தும் அண்ணனை நிறுத்திவைத்துக்கொண்டு தம்பியைக் கேட்டிருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு இதை விளக்கினேன். சிரித்துவிட்டு, இனி ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு வாய்ப் பரிசோதனை. வெளிச்சத்துக்காகச் சந்தின் முனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, டாக்டரம்மா டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக நின்றார். கூட்டம் கூடிற்று, ஸ்டூலில் உட்காரத்தான் ஆள் இல்லை. தகரப் பட்டறைக்காரரையே கூப்பிட்டேன். அவர் கூச்சப்பட்டு நின்றார். அவர் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"பட்டறையில பழுக்கக் காய்ச்சுன தகரத்தப் புடிக்க ஆளு, ஒரு டார்ச்சுக்கு மெரளுதத பாருங்க!"

சந்தே சிரித்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "ஊரு வாயெல்லாம் தொறக்கச் சொல்லுதீயளே, மொதல்ல நீங்க தொறங்க சார்வாள். ஒம்ம வாயில என்ன இருக்குன்னு நாங்களும் பாக்கோம்" என்றார்.

இதில் என்ன இருக்கிறது என்று போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா விளையாட்டாகத்தான் டார்ச்சை அடித்தார். பிறகு கன்னத்தின் உட்புறம் கண்ணாடியை வைத்து ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, எத்தனை வருடமாகச் சிகரெட் என்று கேட்டார். கன்னத்தில் வெள்ளையாக ஒரு தடிப்பு இருக்கிறதாம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வாருங்கள், கூட வீட்டு மனிதர் யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார்.

எனக்குப் பிறகு அந்தப் பட்டறைக்காரர் உட்கார்ந்தார். அவருக்கும் லேசாக ஏதோ இருந்தது. அவரையும் வியாழக்கிழமை வரச் சொன்னார். அன்று சாயங்காலம் வரை வேலை பார்த்தேன். யார் யாருடைய பதில்களையோ எழுதினேன். அறைக்கு வந்து டைரியைத் திறந்தபோது 'வெயில் அதிகம்' என்பதற்கு மேல் ஒரு வரி எழுத வரவில்லை.

'வீட்டு மனிதர்' என்றால் எனக்கு முலுண்டில் இருக்கும் அண்ணாதான். புதன்கிழமை அலுவலகம் விட்டதும் ரயிலேறினேன். என்னைப் பார்த்ததும், "என்னடா, மூஞ்சி வாடிக் கெடக்கு? மெஸ் சாப்பாடு ஒத்துக்கலையா?" என்றார் அண்ணா. மன்னி காபி கொடுத்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சிகரெட் என்ற வார்த்தையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தொடங்கவே முடியாது. அண்ணா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பெஞ்சில் இருந்து காலைக் கீழே இறக்கிவைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லேண்ணா, சும்மாதான் வந்தேன்" என்றேன். குழாயடியில் அந்தப் பையன் பீடியை உள்ளங்கைக்குள் மறைத்தது ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது ரயில் காலியாக இருந்தது. என் எதிர் இருக்கையில் மாதுங்கா வரும்வரை யாரும் உட்காரவில்லை.

வியாழக்கிழமை தனியாகத்தான் போனேன். ஜன்னலில் இருந்த குமாஸ்தா, "சாத் மே கோன் ஹை?" என்றார். கூட யாரும் வரவில்லை என்றேன். கத்தி வைக்கிற காரியம், கூட ஆள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், இன்னொரு நாள் வாருங்கள் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். இன்னொரு நாள் வந்தாலும் இதே பெஞ்சில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

"என்ன சார்வாள், தனியா இருக்கீய?"

பட்டறைக்காரர். தம்பிகள் இருவரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். தம்பிகளை டீ குடித்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொந்தம்னு யாருமே இல்லியா?"

"முலுண்டில் அண்ணா இருக்கார்."

"சொல்லலியோ?"

நான் கையிலிருந்த சீட்டை மடித்துப் பிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சிகரெட்டு குடிக்கது அவியளுக்குத் தெரியாது, அப்படித்தானே? நல்ல கூத்து போங்க! நம்ம பயலுவளுக்கும் ஒமக்கும் என்ன வித்தியாசம்?"

"உங்கள் தம்பிகள் பிடிப்பது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? பட்டறையில ஒரே கூரைக்குக் கீழ நிக்கோம், வாடை அடிக்காதா? எனக்கு முன்னால இருக்க நேரமாவது குடிக்காம இருக்கானுவள்லா, அது மிச்சம்னு தெரியாத மாதிரி இருந்துக்கிடுவேன்" என்றவர், சட்டென்று என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இஸ்கா பாய் ஹூம். படா பாய்" என்றார் குமாஸ்தாவிடம். எனக்கு மூத்த அண்ணனாம்!

குமாஸ்தா, இஸ்திரி போட்ட என் சட்டையையும் அவருடைய காக்கி அரை நிஜாரையும் மாறி மாறிப் பார்த்தார். வயது என்ன என்று கேட்டார். இவர் சீட்டில் என் வயதை எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சாஸ்" என்றார். ஐம்பது! என்னிடம் சொன்ன வயதில் எட்டு கூடிவிட்டது. அண்ணனுக்குத் தலை கறுப்பு, தம்பிக்கு நரையா என்று குமாஸ்தா இந்தியில் கேலி செய்தார். "நாரியல் கா தேல், சாப்" என்று, தேங்காயெண்ணெய் தேய்ப்பதாக இவர் தலையைத் தடவிக் காட்டினார். முத்திரை விழுந்தது.

திரைக்கு உள்ளே என் கன்னத்தில் ஊசி போட்டபோது வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது. "தம்பி, பயப்படாதீரும். நான் இங்கனதான் நிக்கேன்."

அடுத்த வாரம் முடிவுக்காக இருவரும் காத்திருந்தபோது, மெஸ், மொட்டை மாடி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். முடிவு வந்தது. புற்று இல்லை. அவருடையதும் சாதாரணப் புண்தான். ஆனால் டாக்டரம்மா என்னிடம் பூசி மெழுகவில்லை. சிகரெட்டை அடியோடு விட்டால் தடிப்பு மறையக்கூடும், தொடர்ந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, அந்த வாரக் கடைசியிலேயே மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பகலில் பயம் காத்தது. சாப்பிட்ட பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்னிடம் மருந்து இல்லை.

திங்கட்கிழமை மெஸ்ஸைவிட்டு வெளியே வந்தால் வாசலில் அவர் நிற்கிறார். தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி நடந்தே வந்திருக்கிறார்.

"விட்டாச்சா தம்பி?"

பொய் சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்தேன்.

"சரி. ஒங்க மொட்ட மாடிக்கு நான் வர முடியாது. வாரும், பூங்காவில உக்காருவோம். அண்ணன் முன்னால குடிக்க மனசு வருமா ஒமக்கு?"

"வராது."

"அப்ப சோலி முடிஞ்சுது."

அன்றிலிருந்து பட்டறை விட்டதும் அவர் வந்துவிடுவார். பெஞ்சில் உட்காருவோம். பேச எங்களுக்கு அதிகம் இல்லை. தகரத்தின் விலை சொல்வார். நான் அலுவலக மேனேஜரைப் பற்றிச் சொல்வேன். பல நாள் இரண்டு பேரும் சும்மா இருந்துவிட்டு எழுந்திருப்போம். அவரும் அந்த நேரத்தில் பீடியைத் தொடமாட்டார். தம்பி முன்னால் குடித்தால் அப்புறம் என்ன அண்ணன் என்பார். ஆனால் விடைபெற்றுப் போகிறவர், பாலத்தின் மறுகோடிப் படியருகே நிற்பதையும், அங்கே ஒரு தீக்குச்சி வெளிச்சம் தெரிவதையும் நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மூத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? சில நாட்கள் யோசித்துவிட்டு, ஒரு நாள் நானும் அவரோடு பாலத்தில் ஏறினேன்.

"நீரு எங்க வாரீரு?"

"வீடு வரைக்கும் வரேன் அண்ணாச்சி. சும்மா நடக்கத்தான்."

பாலத்தின் கோடியில் அவர் கை நிஜார்ப் பைக்குப் போய்த் திரும்பி வந்தது. "சரியான ஆளுதாம்வே" என்றார். பிறகு தினமும் அப்படியே ஆயிற்று. அவர் எனக்காக வருவார், நான் அவருக்காகப் போவேன்.

குளிர்காலம் கழிந்து வெயில் உறைக்கத் தொடங்கியபோது டாக்டரம்மா மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். தடிப்பு மறைந்திருந்தது. எப்படி விட்டீர்கள் என்று கேட்டார். ஓர் அண்ணன் கிடைத்தார் என்றேன். அதை எழுத அவருடைய தாளில் இடம் இல்லை.

அந்தக் கோடையில் பட்டறையை அம்பர்நாத்துக்கு மாற்றினார்கள். குடும்பத்தோடு கிளம்பினார். ஸ்டேஷனில் தம்பிகள் சாமான்களை ஏற்றும்போது என்னைத் தனியே அழைத்தார்.

"ஒரு உண்மை சொல்லட்டா? நெசத்துல நான் ஒமக்கு எளையவன் சார்வாள்."

"தெரியும். உங்கள் வயதை எழுதிக்கொண்டவன் நான்தானே!"

"தெரிஞ்சுமா இத்தன நாளும் அண்ணாச்சி, அண்ணாச்சின்னீரு?" என்று வாய்விட்டுச் சிரித்தார். ரயில் நகர்ந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு ஒரு முறை அம்பர்நாத் போய்த் தேடினேன். பட்டறை கைமாறிவிட்டது, அவர்கள் வேறெங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். பாலத்தின் மறுகோடியில் அவர் இப்போது நிற்கிறாரா, நிற்காமல் நடக்கிறாரா, எனக்குத் தெரியாது.

போன மாதம் எனக்கு ஐம்பது முடிந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் அவர் தனக்கென்று சொன்ன வயது. சாப்பிட்ட பிறகு அதே பெஞ்சில் போய் உட்காருகிறேன். பேச ஆள் இல்லை. கை சில சமயம் தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். அண்ணாச்சி முன்னால் எனக்கு இன்றைக்கும் மனசு வருவதில்லை.