சுற்றுலாவுக்குப் போகாத நான்கு பேர்

பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த வருடம் அது. ஏழாம் வகுப்பை மைசூருக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். பணம் கட்ட முடியாமல் நான்கு பெண்கள் நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் தங்க வேண்டும். புதிதாக வந்தவள் என்பதால் என்னை நிறுத்தினார்கள். இரக்கப்பட்டு நானாகத் தங்கவில்லை.

"பாக்கி நோட்ட எழுதி முடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று மட்டும் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மூன்று பேர்தான் வந்தார்கள். காலியான வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, தலை நிமிராமல் எழுதினார்கள். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை மூடச் சொன்னேன்.

"இன்னைக்கு என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க கண்ணு."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை செய்பவரின் மகள், கேட்டாள்.

"லேப்ல மைக்ராஸ்கோப் இருக்குதுங்களே மிஸ். அதுல பாக்கலாமுங்களா?"

ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது மட்டும் வெளியே எடுக்கும் கருவி அது. உடைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பூட்டைத் திறந்தேன்.

சாப்பாட்டு டப்பாவில் இருந்த சின்ன வெங்காயத்தை ஒருத்தி தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள். அதன் தோலை உரித்து வைத்தோம். அப்புறம் எறும்பின் கால், தொட்டித் தண்ணீர், அவர்களுடைய தலைமுடி. மணி அடித்தும் யாரும் சாப்பிட எழவில்லை.

"அவளும் வந்திருக்கலாமுங்க மிஸ்" என்றாள் ஒருத்தி.

"ஏன் வரல?"

"போகாதவங்கள எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்கன்னு ஊட்டுலயே இருந்துக்கிட்டாளுங்க."

வருகைப் பதிவில் அவளுக்கு நேராக ஆப்சென்ட் போட்டதோடு சரி. அதுவரை அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

சுற்றுலா போனவர்கள் திரும்பிய பிறகு ஒரு மதிய இடைவேளையில் அந்த மூவரும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பின்னாலேயே மைசூர் போய் வந்த ஆறேழு பேரும் வந்தார்கள்.

"மிஸ், எங்க நாலு பேருல இவ மட்டும் இன்னும் பாக்கலீங்க. மொதல்ல இவளுக்குக் காட்டுங்க. இவங்கெல்லாம் அப்புறம்."

மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் வரிசையில் நின்றார்கள். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "இன்னொருக்கா பாத்துக்கட்டுங்களா?" என்றாள்.

விஷயம் தலைமை ஆசிரியைக்குப் போனது. கேட்காமல் எடுத்ததற்குத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றுவிட்டு, அடுத்த சுற்றுலாவை எல்லோரும் வரக்கூடிய இடமாகப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த நோட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவராகவே என்னைக் கூப்பிட்டார்.

"சத்தியமங்கலம் போலாமுங்க டீச்சர். நம்ம பள்ளி பஸ்ஸே போதும். சாப்பாடு அவங்கவங்க ஊட்டுல இருந்து கட்டிக்கிட்டு வரட்டும். யாருகிட்டயும் எதுவும் வாங்க வேண்டாம்."

ஏழும் எட்டும் சேர்ந்து போனோம். பவானி ஆற்றோரம் இறங்கியதும் முதலில் தண்ணீரில் காலை வைத்தவள், அன்று வீட்டிலேயே இருந்துகொண்ட அந்தப் பெண்தான். நான் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.