தலைவர் வீட்டுப் பால்

ஐம்பதுகளில் போடியில் எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலைச் சோதித்து வாங்குவது என் வேலை. கோயிலில் முதல் திருநீறு கொடுப்பதுபோல, தலைவர் வீட்டுப் பாலை மட்டும் சோதிக்காமலே முதலில் ஊற்றிக்கொள்வோம். கேடுகெட்ட வழக்கம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தண்ணீர் கலந்தார்கள்; தலைவர் வீட்டை விட்டுவிட்டு அவர்கள் பாலை மட்டும் திருப்பி அனுப்ப எனக்கு முகமில்லை.

எங்களிடம் பால் வாங்கி ஏலக்காய் வியாபாரிகளுக்கு டீ போடும் ஓட்டல்காரர் ஒருநாள் கத்திவிட்டார். "என் டீயில பாலத் தேடுறாக! இன்னொரு நா இப்பிடி வந்தா வேற ஆளப் பாத்துக்கிறேன்." அவரும் போனால் சங்கத்தை மூட வேண்டியதுதான்.

மறுநாள் தலைவரின் மனைவி பாலோடு வந்தார். வேலை போய்விடுமே என்று பயம்தான். ஆனாலும், தண்ணீர் கலந்திருந்தால் ஆழமாக இறங்கும் பால்மானியை அவர் பாலில் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அது விறுவிறுவென்று இறங்கியது.

"தண்ணி கலந்திருக்கு ஆத்தா."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்ப்பா, இத்தன நாளும் இதச் சொல்லாம வாயில கொழுக்கட்டயா வச்சிருந்த? யாரு கலந்ததுன்னு வீட்டுல போயிக் கேக்குறேன்" என்று பாலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

வரிசையில் பாதிப் பேர் செம்போடு நழுவினார்கள். அன்று ஓட்டலுக்குக் கொஞ்சம் பால்தான் போனது. ஓட்டல்காரர் குறை சொல்லவில்லை.

தன் வீட்டுப் பாலைச் சோதிக்காதே என்று தலைவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்காத சலுகையைக் கொடுத்துவிட்டு, அவருக்கு நாங்களே பயந்து கிடந்தோம்.