பார்வையாளர் மாடத்தில் நான் மட்டும்

அப்போது சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். திருமணங்களை அரசாங்கத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. பழைய வழக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் வட்டாரத்தில் சிலர் குழுவாகச் சேர்ந்தோம். கோயிலில் தாலி கட்டினால் போதாதா என்று கேட்டோம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால், சட்டமன்றத்தில் பேசுவதைக் கேட்டுவந்து சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

முதலில் இருவர் துணைக்கு வந்தார்கள். பிறகு பார்வையாளர் மாடத்தில் நான் மட்டும்தான். வாசல் காவலர் தமிழர்.

"அண்ணே, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"இன்னும் கல்யாணமே ஆகலை," என்றேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

சட்டம் நிறைவேறிய அன்று நேராகக் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அங்கே அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸாயிடுச்சுண்ணே."

"நல்லதுதான்லா தம்பி. நாளைக்கு எம் பொண்ணை எவனும் சும்மா விட்டுட்டுப் போயிட முடியாது பாரு," என்றவர், காப்பி குடிக்கச் சொன்னார்.

கோபம் வரவில்லை. எனக்கொரு மகள் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

குழு அத்தோடு கலைந்தது. அதன்பிறகும் விடுப்புக் கிடைத்தால் மாடத்தில் போய் உட்காருவேன். எந்தச் சட்டமானால் என்ன, அங்கே மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என் அறையில் பேச ஆளில்லை.