தறி நின்ற நேரம்

டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்து, பரிசாகக் கிடைத்த முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய அந்த எடப்பாடிப் பெண் சேலத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வாள்; விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களின் பழக்கம் அது.

கண்ணாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியதும் அவள் முகம் வெளுத்தது. வாய் திறந்தது, பாட்டு வரவில்லை. வெளியே ஓடிவந்துவிட்டாள்.

“என்னம்மா பயம்? அத்தனை பேர் முன்னாடி பாடுனவதானே?”

“அங்க சத்தம் இருந்துச்சுங்கண்ணா. இங்க ஒண்ணுமே கேக்கலீங்க. எங்கூட்டுல ஒரு நாள் தறிச் சத்தம் திடீர்னு நின்னுச்சு. போய்ப் பாத்தா அப்பா கீழ கெடந்தாருங்க. அப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க.”

அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, தறி ஓட்டும்போது பக்கத்திலேயே போனை வைக்கச் சொன்னேன். அந்தச் சத்தம் அவளுடைய ஹெட்போனிலும் என்னுடையதிலும் மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

கடைசி அடி வரும்போது தறிச் சத்தம் பட்டென்று நின்றது. அவள் நிறுத்தவில்லை. கண்ணீர் வழிய அந்த அடியை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து போனைப் பிடுங்கி, “அம்மா! அம்மா!” என்று அலறினாள்.

“கரண்டு போயிருச்சு சாமி. பாடி முடிச்சிட்டியா?”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆல்பம் வெளிவந்துவிட்டது; அந்தப் பாட்டைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். அம்மாவுக்கு என்ன ஆனதென்று தெரியாமலே கடைசி அடியை அவள் எப்படிப் பாடி முடித்தாள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.