பதினோரு வருஷக் கொண்டை

அதனால்தான் சொல்கிறேன், அவனைக் கொண்டைக்காரன் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நாளை டெய்ரி ஃபார்ம் மைதானத்தில் அவன் பெயரில் ஆடப்போகிற நீங்கள் எல்லாரும் அவனோடு பந்து உதைத்தவர்கள், இல்லையென்றால் அவனிடம் உதை வாங்கியவர்கள். உங்களுக்கு அவன் முத்துராஜ். எனக்குக் கொழுந்தன். அந்தக் கொண்டைக்குக் காரணம் நான்தான். அதை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கோவில் கமிட்டியில் கேட்டார்கள். எட்டாவது வரை படித்த கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை கோவில் விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நம் தீவின் வடக்கே மாயாபந்தரிலிருந்து போன். அங்கே படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் அவனோடு வேலை பார்க்கும் பிஸ்வாஸ் பேசினார். "பாபி, முத்து பாய் நஹி ரஹா" என்றார். அண்ணி, முத்து இல்லை என்கிறார். காலையில் கவுண்டரைத் திறந்திருக்கிறான், வரிசையில் நின்றவர்களிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசியிருக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. கையில் புளியோடு சந்நிதியைப் பார்த்து நின்றேன். முருகனோடு அன்றைக்கு நான் பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் பழையதெல்லாம் நினைத்துப் பார்த்தேன். முருகன் அவனுக்கு ஒன்றும் குறைவாகச் செய்துவிடவில்லை என்று தோன்றியது.

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் சென்னையில் ஒரு கிளப்பில் இடம் கிடைத்தது. இரண்டாம் டிவிஷன். டிவியில் காட்டமாட்டார்கள், பேப்பரில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தால் அதிகம். ஆனால் சம்பளம் கொடுத்துப் பந்து ஆடச் சொல்கிறார்கள் என்றால் சும்மாவா? கப்பல் கிளம்புவதற்கு முதல் நாள் கோவிலுக்குப் போய் நானே வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். பையன் முதல் கோல் போட்டதும் உனக்கு முடி இறக்குகிறோம், அதுவரை அவன் தலையில் கத்தி படாது என்று. எப்படியும் ஒரு மாதத்தில் போட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் சாப்பிடுகிற கையை நிறுத்தினான்.

"அண்ணி, நான் டிஃபெண்டர்."

"அதனால என்ன தம்பி?"

"நான் கோல் போடறவன் இல்ல. போட வர்றவனத் தடுக்கறவன்."

"பதினோரு பேர் ஓடுறீங்க. எல்லாரும் கோல் போடத்தான ஓடுறீங்க?"

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. "கப்பல் ஏறுறவனுக்கு நல்ல வேலை பார்த்த" என்றார். மாற்றி வேண்டிக்கொள்ள முடியாதா என்று அவன் கேட்டான். சாமியிடம் சொன்னது சொன்னதுதான் என்றேன். அவன் வாதாடவில்லை. "சரி அண்ணி, நீங்க சொல்லிட்டீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த வார்த்தையைப் பதினோரு வருஷம் காப்பாற்றினான்.

முதல் வருஷம் முடி காது வரை. இரண்டாம் வருஷம் தோள் வரை. மூன்றாம் வருஷம் கோச் கூப்பிட்டு, வெட்டிவிட்டு வா, இல்லையென்றால் வெளியே உட்கார் என்று சொல்லிவிட்டார். இவன் வெளியே உட்கார்ந்தான். ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டம் இல்லை, ஆறு ஆட்டம். ஆறிலும் கோல் வாங்கித் தோற்றார்கள். ஏழாவது ஆட்டத்துக்கு கோச்சே ஒரு பூட்ஸ் கயிற்றைக் கையில் கொடுத்து, "இத வெச்சுக் கட்டிக்கிட்டு உள்ள போ" என்றாராம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நீங்கள் பார்த்த கொண்டை. எதிராளிகள் அதைப் பிடித்து இழுப்பார்கள். இவன் ஃபோனில் சிரிப்பான். "இழுத்தா நமக்கு ஃப்ரீ கிக் அண்ணி. முருகன் குடுக்கறாரு."

நாலாம் வருஷம் ஒரு நாள் டெலிபோன் பூத்திலிருந்து பேசினான். குரலே சரியில்லை.

"அண்ணி, ஒரு சந்தேகம். நம்ம வலைக்குள்ளயே போட்டா அது சேருமா?"

"கோல்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. எங்க ஆளுங்க வேற மாதிரி சொன்னாங்க."

எனக்கு உடனே சந்தோஷம். ஓடிப்போய்க் குருக்களிடம் நாள் குறிக்கச் சொன்னேன். அவர் பந்தாட்டம் பார்க்கிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "அம்மா, அவர் எதிர் டீமுக்குப் போட்டுக் குடுத்திருக்கார். அத முருகனுக்குக் கொண்டுவந்தா முருகனே சிரிப்பார்" என்றார். அபர்டீன் பஜார் வரை இந்தக் கதை போய்விட்டது. காய்கறிக்கடைக்காரர்கூட, "க்யா பாபி, தேவர் கா பால் கப் கடேகா?" என்று கேட்பார். கொழுந்தனுக்கு எப்போது முடி வெட்டு என்று ஊரே கேட்டது.

சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே பயம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில், மாப்பிள்ளை சாமியாரா என்று கேட்டுவிட்டார்கள். அவனுக்கு முப்பத்துமூன்று ஆயிற்று. முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். தலையில் படக்கூடாது என்று நான் சொன்ன கத்தி காலில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கிளப் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள், அப்படி இறங்கினால் இவனை வைத்துக்கொள்ள மாட்டார்கள். கோலே போடாமல் ஆட்டத்தை விட்டு வந்தால் அந்த முடியை என்ன செய்வது? ஒருத்தன் தலையில் வாழ்நாள் கடனை ஏற்றிவைத்துவிட்டேனே என்று எனக்குத் தூக்கம் போயிற்று. வேண்டிக்கொண்டவள் நேரில் நிற்க வேண்டும் என்று கப்பல் ஏறிவிட்டேன்.

நடுக்கடலில் வாந்தி எடுத்து, மெயின்லேண்டில் இறங்கி, பஸ் பிடித்து மைதானத்துக்குப் போனால், பெரிய ஸ்டேடியத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். மாசி வெயில். என் பக்கத்தில் பாதுகாப்புக்கு வந்த பெண் போலீஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொண்டை போட்டவர் யார் என்று கேட்டாள். என் கொழுந்தன் என்றேன். அன்றைக்குத்தான் அவன் ஆடுவதைச் சரியாகப் பார்த்தேன். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னாலேயே போய் நிற்கிறான். விழுகிறான், எழுகிறான், கயிற்றை இறுக்கிக்கொள்கிறான். அவனைத் தாண்டி ஒருத்தனும் போகவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் கோல் இல்லை. நேரம் முடியப்போகிறது. கார்னர் கிடைத்தது. கோச் எல்லாரையும் மேலே போகச் சொல்லிக் கத்தினார். இவனும் நொண்டிக்கொண்டு போனான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்தக் கோலைப் பார்த்தேன் பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் போலீஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, கண்ணத் தொறங்க. உங்க ஆளு போட்டுட்டாரு."

கண்ணைத் திறந்தபோது அவன் மேல் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். கொண்டை அவிழ்ந்து புல்லில் பரவிக் கிடந்தது. எழுந்து வந்து நேரே என்னைப் பார்த்துத் தலையைத் தொட்டுக் காட்டினான். கிளப் இறங்கவில்லை. கோச் அழுதார். வெளியே வந்ததும் சண்டை, பந்து எதில் பட்டது என்று. கொண்டையில் பட்டுத்தான் திரும்பியது என்று கூட ஆடியவர்கள் சத்தியம் செய்தார்கள்.

"நெத்திதான் அண்ணி. நெத்தியிலதான் வாங்கினேன்."

"கொண்டைதான் தம்பி. முருகன் அதத்தான வளத்தாரு."

"பதினோரு வருஷம் ஓடினது நான். பேரு கொண்டைக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்து முடி இறக்கினோம். நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். இடுப்பு வரை இருந்த முடி. நாவிதர் மூன்று முறை பிளேடு மாற்றினார். கோவில் வாசலில் மேளம் வைத்தோம், எதிர்வீட்டு பெங்காலிப் பெண்கள் அவர்கள் வழக்கப்படி மங்களச் சங்கு ஊதினார்கள். இரண்டாம் டிவிஷனில் ஒரே ஒரு கோல் போட்டவனை உலகக்கோப்பை வாங்கி வந்தவனைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினீர்கள். ஒரு மாதத்தில் மாயாபந்தரில் பெண் அமைந்தது. இன்னும் ஒரு வருஷம் ஆடிவிட்டு, வேலையும் கிடைத்து அங்கேயே போய்விட்டான். அவன் அடிக்கடி சொல்வான்: "கோல் விழாத நாள்ல டிஃபெண்டர் பேர யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணி. அதுதான் எங்களுக்கு நல்ல நாள்." அப்படிப்பட்ட நல்ல நாட்கள் அவனுக்கு நிறைய இருந்தன. அவை எதிலும் அவனை டிவி காட்டவில்லை.

அந்தப் பூட்ஸ் கயிறு என்னிடம்தான் இருக்கிறது. பூஜை அலமாரியில், வேல் படத்துக்குப் பக்கத்து ஆணியில். வெள்ளையாக இருந்தது, எண்ணெய் ஏறிப் பழுப்பாகிவிட்டது. நாளை ஆடுகிறவர்கள் யாராவது கேட்டால் காட்டுவேன், தரமாட்டேன்.

அட, இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது. மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிப் போனான் இல்லையா, போய்ச் சேர்ந்த வாரத்து முதல் ஆட்டம் முடிந்து போன் பண்ணினான். கோவிலுக்கு வடை போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு கையில் கரண்டி. "அண்ணி, இன்னிக்கு இன்னொண்ணு போட்டேன். தலையாலதான்" என்றான். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சரிப்பா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்போது அவன் தலையில் ஒரு முடி கிடையாது.