தேடி முடித்த இடங்கள்

மெட்டல் டிடெக்டரின் அடியில் வட்டமான காயிலை மாட்டும் திருகை அப்துல் கையூம் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். அடியில் பிடித்துக்கொண்டிருந்த மகள் ஷைமாவுக்குப் பொறுக்கவில்லை.

“அத்தா, போதும். பிளாஸ்டிக் மரை, பிளந்துக்கும்.”

“இத்தனை காசு வாங்கினவன் நல்ல திருகாக் கொடுக்கறதுக்கென்ன கண்ணு?”

“கம்பெனிக்காரனுக்கு உங்க கையைப் பத்தித் தெரியாதில்ல.”

அவர் சிரித்தபடி மேலும் கால் சுற்று முறுக்கினார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்று முழுக்க அன்னூரில் வெங்காயம் போட்ட ஒரு காட்டில் தேடிவிட்டுத் திரும்பினார். மறுநாள் விடியுமுன் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபின் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்: காட்டு வேலையில் தொலைந்த தோடு, மெட்டி, கொலுசைத் தேடிக் கொடுப்பது. மின்னணுப் பொறியாளரான ஷைமாதான் அந்த விலை உயர்ந்த மெட்டல் டிடெக்டரை வாங்கித் தந்தாள். உள்ளேயே ஜிபிஎஸ். கூடுதலாக ஒரு சின்னக் காயிலும் வயர் இல்லாத ஹெட்போனும். காயிலை ஏற்றுக்கொண்டவர் ஹெட்போனின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“காதுல மாட்டினா எனக்கு மட்டுந்தான் கேக்கும். பாய் எதையோ அமுக்கிட்டான்னு நாளைக்கு எவனாச்சும் சொல்றதுக்கா?”

ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துத்தான் தேடுவார். காடே கேட்க வேண்டும்.

ஜிபிஎஸ்ஸை அவர் தலைகீழாகப் பயன்படுத்தினார். பொருள் கிடைத்த இடத்தை ஒருபோதும் குறிக்க மாட்டார். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே பொத்தானை அழுத்துவார். “கிடைச்ச எடத்துக்கு மறுக்கா எதுக்குப் போறது? இல்லாத எடத்தைக் கழிச்சாத்தான் இருக்கற எடம் தெரியும்.”

ஒருமுறை அவிநாசியிலிருந்து கிருபாசங்கர் என்பவர் புதையல் ஆசையில் காரோடு வந்தார்.

“எங்க காட்டுல தங்கக் குடம் இருக்குதுன்னு சாமியாடி சொல்லிட்டாருங்க பாய்.”

“எடம் தெரிஞ்சவர் அவருங்க. கடப்பாரையை அவர்கிட்டயே கொடுங்க.”

அடக்கம் முடிந்து வீடு அழுகையில் இருந்தபோதே கிருபாசங்கர் மறுபடி வந்தார், மிசினை விலைக்குக் கேட்டு. பாய் கண்ட இடமெல்லாம் உள்ளே பதிந்திருக்குமாம்.

“ஒன்னுமே இல்லாத எடந்தான் பதிஞ்சிருக்குதுங்க. வேணுங்களா?” என்றாள் ஷைமா.

அன்னூரில் அவர் கடைசியாகத் தேடியது, வெங்காயம் பிடுங்கும்போது பொற்கொடி தொலைத்த ஒற்றைத் தங்கத் தோட்டை. கூலிக்குப் போகும் அவளிடம் இருந்த தங்கமே அந்த ஒரு ஜோடிதான். பாதிக் காடு முடிந்திருந்தது. மீதிக்கு நாளைக்கு வாரேன் என்று சொல்லி வந்திருந்தார்.

ஷைமா மிசினோடு போய் இறங்கியபோது காட்டில் டிராக்டர் நின்றது, பின்னால் ரொட்டவேட்டர். அதன் கத்திகள் சுழன்றால் தோடு நொறுங்கி மண்ணோடு போகும். காட்டுக்காரர் மயில்சாமி குரலைத் தணித்துப் பேசினார்.

“பாயே இல்லீங்களே அம்மணி. உட்டுப்போடுங்க. மழைக்கு முந்தி ஓட்டோணும்.”

“போனது போச்சுங்க கண்ணு,” என்றாள் பொற்கொடியும். “உங்க துக்கத்துல இது வேறயா?”

“போகலைங்க. பாதியில நிக்குது.”

திரையில் அத்தாவின் கடைசிப் புள்ளி தெரிந்தது. செயற்கைக்கோள் கணக்கு சில அடி தப்பும். நாலைந்து பாத்தி பின்னால் போய்த் தொடங்க வேண்டும். அதற்கு முன் அவள் டிராக்டரில் தொங்கிய சாவியை உருவினாள்.

“ஏனுங்க!” என்று மயில்சாமி ஓரடி முன்னால் வந்தார்.

ஷைமா சாவியைப் பொற்கொடியிடம் நீட்டினாள்.

“மீதி முடியற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டுங்கக்கா.”

பொற்கொடி காட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை வாங்கி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.