தகரக் கதவின் கொண்டி

அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு, ஒரு கையில் பெரிய பிளாஸ்க்கும் மறு கையில் கோப்பைகள் அடுக்கிய தட்டமுமாக, மதிலில் உள்ள தகரக் கதவைக் காலால் தள்ளினேன். திறக்கவில்லை. மழைக்கு இறுகிப்போய்விட்டதாக்கும் என்று தோளால் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கொண்டி போட்டிருந்தது. கதவு வைத்து ஆறு வருசம். அதற்குக் கொண்டி போட்டு நான் கண்டதில்லை.

மதிலுக்கு அப்பால் செத்த வீடு. எங்கள் பக்கத்தில், பிரேதம் எடுக்கும்வரை செத்த வீட்டில் அடுப்பு எரியாது. வருகிற சனத்துக்கும் அழுது தொண்டை வறண்டவர்களுக்கும் பக்கத்து வீட்டிலிருந்துதான் தேத்தண்ணி போகவேண்டும். யாரும் வந்து கேட்பதில்லை. அது பக்கத்து வீட்டுக்காரனின் உரிமை. அந்தத் தேத்தண்ணியை வாங்காமல் விட்டால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இனி ஒன்றும் இல்லை. பிறகு நல்லதுக்கும் சொல்லமாட்டார்கள், கெட்டதுக்கும் சொல்லமாட்டார்கள். மறுநாள் பத்து மணிக்குப் பிரேதம் எடுப்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் என் தேத்தண்ணி அந்த வீட்டுக்குள் போயாக வேண்டும்.

செத்தது அக்கா. என் கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணையின் தமக்கை. கலியாணம் கட்டாமல், தம்பி வீட்டிலேயே இருந்து, ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவர். நான் ஜேர்மனிக்குப் போய் முப்பத்துமூன்று வருசம் கழித்துத் தனி ஆளாகத் திரும்பி வந்தபோது, என் வளவில் ஒரு செடிகூட மற்றவன் கைக்குப் போகாமல் காத்து வைத்திருந்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான். வந்த கையோடு நான் மதில் கட்டினேன். வெளிநாட்டால் வந்தவன் செய்கிற முதல் வேலை அதுதானே. பாதி எழும்பியிருக்க அக்கா வந்து நின்று, "ஒரு ஆள் போற அளவுக்கு விட்டுக் கட்டு. சுத்தி வர எனக்குக் கால் ஏலாது" என்றார். அப்படி வந்ததுதான் அந்தத் தகரக் கதவு.

எனக்குப் பாட்டைச் சொல்லித்தந்தவர் யாரும் இல்லை. பாட்டைப் பற்றி எனக்கு இருக்கிற அபிப்பிராயம் எல்லாம் சின்ன வயதில் அக்காவின் விறாந்தையில் பொறுக்கியதுதான். அங்கே ஒரு தையல் மெசின், பக்கத்தில் ஒரு றேடியோ. வானொலிக்குத் தபாலட்டை போட்டுப் பாட்டுக் கேட்பது அக்காவின் வழக்கம். விரும்பிக் கேட்போர் என்று பத்துப் பன்னிரண்டு பெயர் எழுதுவார். கடைசியில் அண்ணையின் பெயரும் என் பெயரும் இருக்கும். அறிவிப்பாளர் பெயர்களை வாசித்துக்கொண்டு வர, எங்கள் பெயர் வரும்வரை அண்ணையும் நானும் மூச்சுக்கூட விடமாட்டோம். பெயர் வந்த பிறகு பாட்டைக் கேட்காமலே ஓடிவிடுவோம். அக்காதான் இருந்து கேட்பார்.

கேட்டுவிட்டு ஒரு சொல் சொல்லுவார். "தைக்க ஏலாத பாட்டு, பாட்டில்லை" என்பது அவருடைய சட்டம். தாளம் காலில் ஏறி மெசின் தானாக ஓடவேண்டும். இழுத்து இழுத்து அழுகிற ஒரு பாடகரைப் பற்றி, "உந்த மனிசனுக்குப் பல்லுக்குத்து. நீங்கள் பாட்டெண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறியள்" என்றார். கோயிலில் ஒருமுறை தவில் நாதஸ்வரத்தை மேவியபோது, "தவில்காரன் மற்றவரை அடிச்சுக் கலைக்கிறான், பாருங்கோ" என்றார். இப்படியானவற்றைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். இன்றைய திருவிழா இசைக்குழுக்களில் ஒரே ஆள் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வயலினையும் குழலையும் மேளத்தையும் விரலால் அமத்துகிறார். அது எனக்குப் பிடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் அக்காவின் சட்டத்தைத்தான் சொல்லுவேன்: காலில் ஏறாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஊரில் என்னை ஒரு ஞானஸ்தன் என்று வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்கு நடுவராகக்கூடக் கூப்பிட்டார்கள். போனேன். பிள்ளைகள் பாடினார்கள். பாதிக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை.

ஆம், எனக்குக் காது கேட்காது. ஜேர்மனியில் நான் வேலை செய்தது இரும்புத் தகடு அமத்துகிற தொழிற்சாலையில். சத்தத்துக்குக் காதுமூடி தருவார்கள். நான் அதற்குள்ளே சின்ன இயர்போனைச் செருகி, மெசினை மேவுகிற அளவுக்குப் பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு நிற்பேன். ஆக, என் காதில் பாதியைத் தொழிற்சாலை எடுத்தது. மிச்சத்தைப் பாட்டு எடுத்தது. கச்சான் பருப்பளவில் இரண்டு கருவிகள் தந்திருக்கிறார்கள். மயிரை வளர்த்து மறைத்து வைத்திருந்தேன். கண்டவர்களும் அது போன் கதைக்கிற சாமான் என்று நினைத்தார்கள். நானும் ஓம் என்றேன்.

கேட்காதவனுக்கு மூன்று மறுமொழி போதும். ஒன்று சிரிப்பு. இரண்டாவது, "ஓம் ஓம்." மூன்றாவது, "நல்லது, சந்தோசம்." இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் வருசக்கணக்காக ஊரை ஓட்டலாம். நான் ஓட்டினேன்.

அக்கா நாலு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். சாவதற்கு முந்தின நாள் பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் எழும்பி இருந்து கதைத்தார். நாளைக்கோ மறுநாளோ துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் என்று தாதி சொன்னதாக அண்ணை சொன்னார். மறுநாள் காலை நான் நெல்லியடிச் சந்தைக்குப் போனேன். சந்தை இரைச்சலில் கருவிகள் கீச்சிடும் என்பதால் இரண்டையும் கழற்றிச் சேட் பொக்கற்றில் போட்டிருந்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்க, அண்ணையின் மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமல், ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. கையால் வீட்டுப் பக்கம் காட்டினார். அக்காவைக் கொண்டுவருகிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். அதை மட்டும் நான் சரியாக விளங்கியிருந்தேன்.

"நல்லது, நல்லது. சந்தோசம்" என்றேன். சிரித்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அவசரமாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். நாலு மணிபோல எழும்பி, கருவிகளைக் காதில் போட்டுக்கொண்டு குசினியில் கேத்தல் வைத்தேன். அக்கா வந்ததும் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று போனில் ஒரு பாட்டைத் தேடி எடுத்தேன். ஒரு காலத்தில் எங்கள் நாட்டில் ஓகோ என்று இருந்த பொப் பாட்டுகளில் ஒன்று. பைலாத் தாளம், நடுவில் ஒருவர் விசில் அடிப்பார். அந்தப் பாட்டுக்கு அக்கா எத்தனை தபாலட்டை போட்டிருப்பார் என்று கணக்கில்லை. அந்தப் பாட்டுக்கு ஒரு பாவாடை தைத்து முடிக்கலாம் என்பார். என் போன் கருவிகளோடு பேசும். பாட்டு நேரே காதுக்குள் வரும். அமத்தினேன். சத்தம் காணாது போல இருந்தது, கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பாட்டு முடிய, திரும்பவும் போட்டேன்.

குசினி வாசலில் நிழல் தட்டியது. அண்ணை. மேலில் சேட் இல்லை. வாய் அசைந்தது. காதுக்குள் விசில்காரர் அடித்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம்" என்று தலையாட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார்.

அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏதோ பிழை என்று பட்டது. முன்பக்கம் போனேன். விறாந்தை மேசையில், முந்தின நாள் நான் நிப்பாட்ட மறந்த பெரிய ஸ்பீக்கரில் நீல வெளிச்சம் எரிந்தது. போன் கருவிகளை விட்டு அதோடு பேசியிருக்கிறது. கையை வைத்தேன். அதிர்ந்தது. பாட்டு என் காதுக்குள் பாடவில்லை, ஊருக்குப் பாடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேலால் பார்த்தேன். வெள்ளை வான் ஒன்று பின்கதவு திறந்தபடி நின்றது. அக்காவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்ற பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் என் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகுதான் நான் தேத்தண்ணி ஊற்றியதும், கதவில் கொண்டி கண்டதும்.

றோட்டால் சுற்றிப் போனேன். பந்தல் போட்டுக் கதிரை அடுக்கியாகிவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அண்ணை தலைமாட்டில் இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்து இருந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் இருந்த கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. மச்சான் சந்தைக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது அவர் கையில் தெரிந்தது: கத்தரிக்காய், என் சிரிப்பு எல்லாம் வந்தன. கடைசியில் எனக்குக் கேட்கட்டும் என்று உரத்தே சொன்னார்: "வெளிநாட்டிலை செத்த வீட்டுக்குப் பாட்டுப் போடுறவையாம். இவர் பழகிட்டார்."

பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அண்ணையின் மனைவியிடம் போனேன். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விருந்தாளியிடம் கதைக்கிற மாதிரிச் சொன்னார்: "தேத்தண்ணி அங்காலை வீட்டிலையிருந்து வந்திட்டுது. உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

அந்த இடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. முன்வரிசையில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இருந்தார்கள். போன மாதம் நான் போட்ட புள்ளிகளை வைத்து ஒரு பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்தவர்கள். காது கேட்காதவனா புள்ளி போட்டான் என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளையிடமும் கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு, நிறைந்த பிளாஸ்க்கோடு வீட்டுக்கு வந்தேன். ஊற்றிய தேத்தண்ணியைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடிந்ததும் திரும்பவும் தண்ணி கொதிக்க வைத்து, புதிதாக ஊற்றி, பிளாஸ்க்கைக் கதவடியில் வைத்தேன். கொண்டி அப்படியே இருந்தது. ஒன்பது மணிக்குப் பறை தொடங்கியது. கருவிகளுக்குப் பறையைத் தாங்கத் தெரியாது, ஒரே இரைச்சலாக்கிவிடும். இன்னும் ஒரு மணித்தியாலம். றோட்டால் போனேன்.

அண்ணை கிரியைக்கு முழுகக் கிணற்றடிக்குப் போக எழும்பியிருந்தார். பந்தல் நடுவில் அவர் முன்னால் போய் நின்றேன். மச்சான் என் கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் காதிலிருந்து இரண்டையும் கழற்றி அண்ணையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"அண்ணை, எனக்குக் காது கேக்காது. இது இல்லாட்டி ஒண்டும் கேக்காது. மச்சான் சந்தையிலை சொன்னது கேக்கேல்லை. நீங்கள் குசினியிலை வந்து சொன்னதும் கேக்கேல்லை. கேக்காமலே ஓம் ஓம் எண்டு சொல்லிப் பழகிட்டன்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த பறை நின்றது. அது மட்டும் தெரிந்தது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

அண்ணை கையில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். போ என்றாரா, இரு என்றாரா? என் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினேன்.

"விளங்கேல்லை அண்ணை. திருப்பிச் சொல்லுங்கோ."

இந்த வசனத்தை நான் எத்தனையோ வருசமாக யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கையை நீட்டினார். இரண்டில் கொஞ்சம் நல்ல காது வலது. அதற்கு உரியதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் என் வலப்பக்கம் வந்து நின்றார். கதவைத் திறந்துகொண்டு வந்தால் அக்கா நிற்கிற பக்கம் அதுதான். ஆறு வருசமாக அதை நான் கவனிக்கவில்லை.

"அவ போன வருசமே எனக்குச் சொன்னவ, உனக்குக் காது கேக்காதெண்டு" என்றார் அண்ணை. "நான் நம்பேல்லை. ஊரிலை எல்லாற்றை பாட்டுக்கும் பிழை சொல்லுறவன் செவிடன் எண்டு ஆர் நம்புவான்?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அண்ணையின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா போயிட்டா, பாட்டை நிப்பாட்டு எண்டு சொல்லத்தான் வந்தனான். நீ சிரிச்சாய். அது என்ரை கண்ணிலை கொஞ்ச நாளைக்கு நிக்கும்."

"ஓம் அண்ணை" என்றேன். கேட்டுவிட்டுச் சொன்ன ஓம்.

அவர் மற்றக் கருவியையும் என் கையில் தந்தார். இரண்டடி கிணற்றடிப் பக்கம் போய்த் திரும்பினார்.

"தேத்தண்ணி எங்கை எண்டும் முதலே கேட்டனான். அதுவும் கேக்கேல்லை என்ன?"

றோட்டால் ஓட முடிகிற வயதில்லை, ஆனாலும் ஓடினேன். பிளாஸ்க்கையும் தட்டத்தையும் தூக்கிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கொண்டி கழன்ற சத்தம் கேட்கவில்லை. தகரம் மெல்ல உள்ளே போவதைத்தான் கண்டேன். அண்ணையின் மனைவி நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் தட்டத்தை வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். பறை திரும்பத் தொடங்கியிருந்தது.

"கேக்கேல்லை. என்ன கேட்டனீங்கள்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வலப்பக்கம் ஒரு அடி நகர்ந்து வந்தார்.

"சீனி போட்டதோ எண்டு கேட்டனான்."

போட்டது என்று சொன்னேன்.